மூன்று ஆம்பியர்

கண்ணாடி போட்டு அடைத்த பால்கனி.
குதாயிசி ஊரில் ஐந்தாம் மாடி. அறைக்கு ஒரே ஒரு பிளக்.
அதிலிருந்து ஒரு நீட்டுப் பலகை,
பலகை நிறையக் கறுப்புக் கட்டிகள்,
பக்கத்துத் துளையையும் மறைத்துக்கொண்டு
பேருந்தில் காலை அகட்டி உட்காரும் ஆள் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பிடுங்கினேன்.
பூதக்கண்ணாடி வைத்து
ஒவ்வொன்றின் வயிற்றெழுத்தையும் படித்தேன்.
ரவுட்டர், பன்னிரண்டு வோல்ட், ஒரு ஆம்பியர்.
வாசல் கேமரா, பன்னிரண்டு, அரை.
தக்காளி நாற்றுக்கு மேல் தொங்கும் விளக்குப் பட்டை,
அதுவும் பன்னிரண்டு, ஒன்று.
மீன்தொட்டி பம்ப் பன்னிரண்டுதான்,
ஆம்பியர் இருந்த இடம் ஈரத்தில் அழிந்துவிட்டது.
பிறகு எதற்கு நாலு கட்டி?

செத்துப்போன மானிட்டரின் அடாப்டர்
அலமாரியில் கிடந்தது.
பன்னிரண்டு வோல்ட், மூன்று ஆம்பியர்.
வோல்ட் ஒத்துப்போக வேண்டும்,
ஆம்பியர் கூட இருந்தால் பாதகமில்லை.
அது யார் வாயிலும் திணிக்காது,
அவனவன் தேவைக்கு இழுத்துக்கொள்வான்,
விரலுக்கேத்த வீக்கம்.
சொன்னவன் டயர் கடை குராம்.
அவன் பேச்சில் பாதி பொய்.
இது அந்தப் பாதியில் சேராது.

நெஸ்தானின் கீபோர்டு மட்டும் ஒன்பது வோல்ட்.
இறக்கிக் கொடுக்க ஒரு குட்டிப் பலகை வாங்கினேன்.
முனை அச்சாகப் பொருந்தியது.
பொருந்தியதால்தான் பயம் வந்தது.
மீட்டர் வைத்துப் பார்த்தால்
மற்றவற்றுக்கு நடுவில் பிளஸ்,
இதற்கு நடுவில் மைனஸ்.
கம்பியை மாற்றி முறுக்கினேன். கை நடுங்கியதை
மகளிடம் சொல்லவில்லை.

ராத்திரி ஒன்பதரைக்குப் பாரியிலிருந்து சியாலா கூப்பிட்டாள்.
அங்கே ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, ஊட்டி,
தூங்கவைத்த பிறகு
சமையலறைத் தரையில் உட்கார்ந்து கூப்பிடுவாள்.
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பம்ப் விழிக்கும்,
விளக்கு ஒரு நொடி மங்கும்,
ரவுட்டர் செத்துப் பிழைக்கும்,
அவள் முகம் கட்டம் கட்டமாக உடையும்.
"மறுபடி போயிட்டே."
"வந்துட்டேன்."
"கூட்டிப் பார்த்தியா?"
பதினாறு வருஷம் தேயிலைக் கிடங்கில் கணக்கெழுதியவள்.
"கூட்டினேன். கீபோர்டோடு சேர்த்து ரெண்டே முக்கால்.
பம்ப் எவ்வளவுன்னு தெரியல."
"தெரியாததை முதல்ல கூட்டணும்."

அடாப்டரைத் தொட்டேன்.
விரல் வைக்க முடியவில்லை.

அவளுடைய பணம் ஒன்றாம் தேதி வரும்.
நெஸ்தானின் பல்லுக்குக் கம்பி,
கீபோர்டு வாத்தியார்,
என் அண்ணன் வாங்கி நான் கையெழுத்துப் போட்ட கடன்,
எரிவாயு, லிப்டுக்குப் போடும் சில்லறை,
குராமின் கடையில் பாதி நாள் வேலை செய்யும் எனக்கு
மீதி நாள்.
இந்தப் பலகையும் மீட்டரும்கூட அதில்தான்.

பதினொன்றுக்கு அவள் அசைவில்லாமல் நின்றுவிட்டாள்.
போச்சு என்று எழுந்தேன்.
ரவுட்டரில் பச்சை நிலையாக இருந்தது.
பம்ப் ஓடவில்லை. விளக்கு மங்கவில்லை.
உற்றுப் பார்த்தேன்.
தலை குளிர்பெட்டியில் சாய்ந்திருந்தது.
போர்வை இல்லை.
சட்டைப் பித்தான் மட்டும் ஏறி இறங்கியது.

என் பக்கத்து மைக்கை அணைத்தேன்.
விளக்குப் பட்டையைக் கழற்றினேன்.
கேமராவை. கீபோர்டை.
பம்ப்பை எடுக்கும்போது மீன் ஒன்று
மேலே வந்து வாயைத் திறந்தது.
காலைவரை பொறு.

ரவுட்டர் மட்டும் மிச்சம்.
கொஞ்ச நேரம் கழித்து அடாப்டர் மேல்
உள்ளங்கையை வைத்தேன்.
இன்னும் சுட்டது. எடுக்கவில்லை.
கீழே யாரோ லிப்டுக்குக் காசு போட்டார்கள்.